ஆதாமும் ஒரு லாட் ஆட்டுத்தோலும்

செலக்‌ஷன் ரூமில் வடக்கே பார்த்து நிற்கிற அந்தப் பெரிய ஜன்னல் நான் வைத்தது. தோலைத் தரம் பிரிக்கும்போது அதில் இருக்கிற குறை வடக்கு வெளிச்சத்தில்தான் மறைக்காமல் தெரியும் என்று நான் சொன்னபோது கட்டட இன்ஜினியர் சிரித்தார். இன்ஜினியர் எங்கே போனாரோ தெரியாது, ஜன்னல் இருக்கிறது. கேன்டீனில் வெள்ளிக்கிழமை பிரியாணி நான் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஆம்பூரில் இருந்துகொண்டு வாரம் முழுக்கத் தயிர்சாதம் தின்ற கம்பெனி நம்முடையது ஒன்றுதான். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும். மழை பெய்தால் குடோனுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். கால்வாய் வெட்டி அதை வெளியே அனுப்பி, முனிசிபாலிட்டிக்காரர்களையே “யாருய்யா இதைப் பண்ணது” என்று கேட்க வைத்தவன் நான். சைக்கிள் ஸ்டாண்டு, கிரிக்கெட் டீம், பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே மாதிரி ஸ்வீட் பாக்கெட் என்ற ஏற்பாடு, எல்லாம் நான். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விடவில்லை.

லெதர் டெக்னாலஜி படித்துவிட்டு வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களிடம் கனம் அளக்கிற கருவி இருக்கிறது, நிறம் பார்க்கிற மெஷின் இருக்கிறது. நல்லது. அதைப் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியாது என்பதால் அல்ல, உங்களுக்குத் தெரியும் என்பதால். ஒரு குறையைப் பார்த்ததும் “இது யார் தப்பு” என்று முதலாளி கேட்பார். அந்தக் கேள்வி வரும்போது ஒரு மேஸ்திரி எப்படி நிற்க வேண்டும் என்பதை எந்த மெஷினும் சொல்லாது. அதை நான் சொல்கிறேன்.

அப்போது செலக்‌ஷன் ரூமில் இரண்டு மேஜை. சாயம் முடிந்து வருகிற தோலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்போம். ஆடு உயிரோடு இருக்கும்போதே வந்த குறை என்றால், அதாவது முள் கிழித்த தழும்பு, உண்ணிக் கடி, அம்மை வடு, இந்த மாதிரி என்றால், அந்தத் தோல் இடப்பக்க மேஜைக்குப் போகும். அதற்குப் பிறவி மேஜை என்று பெயர். அதில் போன தோலுக்கு யாரையும் யாரும் கேட்க மாட்டார்கள். டேனரிக்குள் வந்து பதனிடும்போது மனிதன் கொடுத்த குறை என்றால் வலப்பக்கம், கை மேஜை. அதில் ஒரு தோல் விழுந்தால் ஒரு ஆள் வந்து பதில் சொல்ல வேண்டும். வாழ்க்கை இவ்வளவு சுலபமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் சர்ச்சுக்குப் புதுப் பாஸ்டர் வரும்வரை.

இளவயசுக்காரர், இறையியல் கல்லூரியில் நிறையப் படித்தவர். வியாழக்கிழமை சாயங்காலம் ஆதிச் சபை வரலாறு என்று ஒரு வகுப்பு ஆரம்பித்தார். டீயும் பட்டர் பிஸ்கட்டும் உண்டு. நான் டீக்காகத்தான் போனேன் என்று சிலர் சொல்வார்கள். பொய். பிஸ்கட்டுக்கும்தான். நம் டேனரி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கேதான் போவோம். பாஸ்டர் எங்களை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து ஃபேனை எங்கள் பக்கத்திலிருந்து வெளியே திருப்பி வைப்பார். வாசனை விஷயத்தில் அவருக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

அந்த வாரம் அவர் சொன்னது ஒரு பழைய சண்டை. ரோம் ராஜ்ஜியம் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. ஒரு பக்கம் ஆப்பிரிக்காவிலே ஒரு பிஷப். இன்னொரு பக்கம் வடக்கே ஏதோ தீவிலிருந்து வந்த ஒரு சாமியார். பெயர்களைப் போர்டில் எழுதினார். எங்கள் வாயில் நுழையவில்லை. ஆப்பிரிக்கா பிஷப், தீவுச் சாமியார் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

தீவுச் சாமியார் சொன்னது இது. பிள்ளை சுத்தமாகத்தான் பிறக்கிறது. ஆதாம் செய்த தப்பு ஆதாமோடு போயிற்று, நமக்கு வந்ததெல்லாம் அவன் காட்டிய கெட்ட வழி மட்டும்தான். முடியாததைச் செய் என்று கடவுள் கட்டளை போடுவாரா? போட மாட்டார். அப்படியானால் மனசு வைத்தால் முடியும். முடியவில்லை என்பது உன் சோம்பேறித்தனம். இதைக் கேட்டு ஆப்பிரிக்கா பிஷப் கொதித்துப்போனாராம். ஆதாமுக்குள் நாம் எல்லோரும் இருந்தோம், அவன் விழுந்தபோது சேர்ந்தே விழுந்தோம், பால் குடிக்கிற பிள்ளைக்கும் அந்தக் கறை உண்டு என்றார். நம்முடைய சித்தம் வளைந்துபோன ஆணி மாதிரி. ஆணி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளுமா? கடவுளின் கிருபை வந்து நிமிர்த்த வேண்டும்.

அந்த பிஷப் சின்ன வயசில் கூட்டாளிகளோடு போய் அடுத்தவன் மரத்துப் பேரிக்காயைத் திருடியிருக்கிறார். பசிக்கு இல்லை. பெரும்பாலும் பன்றிக்குத்தான் வீசினார்களாம். திருடுகிற ருசிக்காகவே திருடினோமே, நம் மனசு இவ்வளவு கோணலா என்று பெரிய மனுஷன் ஆன பிறகும் வருத்தப்பட்டாராம்.

“பேரிக்காய்க்கா?” என்றார் ஆசீர்வாதம். “வாணியம்பாடி ரோட்டு மாந்தோப்பைப் பத்திக் கேட்டா நம்ம சபையே கண்ணீர்ல முழுகிடும் ஐயா.”

இந்த ஆசீர்வாதம் செலக்‌ஷன் ரூமில் எனக்கு அடுத்த ஆள். கண்டிப்பானவர். மீசையைக்கூட அளவெடுத்து வெட்டுவார். அன்று முதல் அவர் தீவுச் சாமியார் கட்சி. அவனவன் செய்ததற்கு அவனவன்தான் பொறுப்பு, இதில் என்ன சந்தேகம் என்பார்.

எதிர்க்கட்சித் தலைவன் சாலமன். ஷேவிங் மெஷின் ஓட்டுகிறவன். தோலின் பின்பக்கத்தைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிற மெஷின் அது. பெடல் மேல் கால் ஒரே மாதிரி நிற்க வேண்டும். நல்ல வேலைக்காரன், ஆனால் வாய் நிற்காது. அவன் அன்றைக்கு எழுந்து ஒரு கேள்வி கேட்டான்.

“பாஸ்டர் ஐயா, நான் நாளைக்குத் தப்பு பண்ணப்போறது கடவுளுக்கு இன்னிக்கே தெரியும் இல்ல? தெரிஞ்சும் விட்டார்னா, அது அவர் பண்ண மாதிரிதானே?”

“ஸ்டேஷன்ல வண்டி வருதுன்னு மைக்ல ஒரு அம்மா சொல்றாங்களே. அந்த அம்மாவா வண்டியை இழுத்துட்டு வர்றாங்க?” என்றார் பாஸ்டர்.

“அந்தம்மா சொன்ன நேரத்துக்கு வண்டி என்னிக்கு ஐயா வந்துச்சு?”

எல்லோரும் சிரித்தோம், ஆசீர்வாதத்தைத் தவிர. அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மகள் எஸ்தர் பக்கத்து ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் வேலை பார்த்தாள். அவளுக்குச் சாலமனைப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சை ஆரம்பித்துவைத்தது நான்தான், அதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குச் சம்மதம், பையனுக்குச் சம்மதத்துக்கும் மேலே. அப்பாக்காரர் மட்டும் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இருந்தார். வாயாடி மாப்பிள்ளை என்ன லட்சணம் என்று நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் அந்த லாட் வந்தது. இத்தாலிக்காரனுக்கு ஒரே சரக்காகப் போக வேண்டிய பழுப்பு ஆட்டுத்தோல். மேஜையில் விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தோலிலும் குறுக்கே நெளிநெளியாக மெல்லிய கோடு. மறுநாள் காலை இத்தாலி இன்ஸ்பெக்டர் வருகிறார்.

முதலாளி வந்தார். பெரிய பாய் என்றுதான் அவரைச் சொல்வோம். தோலைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

“இன்னா மேஸ்திரி இது? தோலா, பாலாத்து மணலா?”

“பார்க்கறேன் பாய்.”

“பார்த்துட்டு ஒரு பதில் சொல்லு. தோலே அப்படித்தான் வந்துச்சுன்னா, பச்சைத்தோல் வித்த மண்டிக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். நம்ம ஆளு வேலைன்னா அந்த ஆளு நாளையிலேர்ந்து வேணாம். இன்ஸ்பெக்டர் வந்து நிக்கறப்போ எனக்கு முழிக்கத் தெரியாது.”

சீவியது சாலமன். அது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலை போனால் எஸ்தரும் போனாள் என்பது சாலமனுக்குத் தெரியும். எப்படியோ செய்தி எட்டி, எண்ணெய்க் கையோடு ஓடிவந்தான்.

“மேஸ்திரி, எல்லாத்தையும் பிறவி மேஜையில போட்டுடுங்க.”

“ஏன்டா?”

“பிறவிதானே மேஸ்திரி! வியாழக்கிழமை கேட்டோமே. கறை இல்லாம எதுவும் பொறக்கறதில்ல. மனுஷனுக்கே அப்படின்னா ஆடு எம்மாத்திரம்? ஆதாம் பண்ண தப்புக்கு இந்தச் சாலமன் இன்னா பண்ணுவான்?”

ஆசீர்வாதம் கையில் இருந்த தோலை அப்படியே கீழே போட்டார். “கேட்டீங்களா மேஸ்திரி? இவனுக்கா எம் பொண்ணைக் குடுக்கச் சொல்றீங்க? நாளைக்குக் குடிச்சிட்டு வந்து வாசல்ல விழுந்து கிடப்பான். இன்னாடான்னு கேட்டா ஆதாம் குடிச்சான்னுவான்!”

“நான் குடிக்கறதே இல்ல மாமா.”

“மாமான்னு சொல்லாத!”

அதோடு வேலை நின்றது. செலக்‌ஷன் ரூம் இரண்டாகப் பிரிந்தது. ஆசீர்வாதம் பக்கத்து ஆட்கள் எந்தத் தோலை எடுத்தாலும் கை மேஜையில் வீசினார்கள். உண்ணி கடித்த தோலைக்கூட “உண்ணி கடிக்கறப்போ ஆடு ஏன் நகரல?” என்று கேட்டு அங்கே போட்டார்கள். சாலமன் பக்கத்து ஆட்கள் அதே தோலை எடுத்துப் பிறவி மேஜையில் போட்டார்கள். கத்தி கிழித்து ஓட்டை விழுந்த தோலும் அவர்களுக்குப் பிறவிதான். ஒரே தோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டிருந்தது. குடியாத்தத்திலிருந்து வருகிற முருகேசன் நடுவில் மாட்டிக்கொண்டான்.

“அண்ணே, எங்க பக்கம் இதுக்கு வேற வழி இருக்குது. ஆடு போன ஜென்மத்துல பண்ணதா இருக்கும்.”

“இன்னா பண்ணியிருக்கும்?”

“செலக்‌ஷன் மேஸ்திரியா இருந்திருக்கும்.”

இதற்கு நான் அவனை ஒன்றும் செய்யவில்லை. என் பொறுமைக்கு அது ஒரு சாட்சி.

சத்தம் கேட்டுப் பாய் திரும்ப வந்தார். விஷயத்தை விளக்கினோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க மார்க்கத்துல பிள்ளை சாஃப்பாத்தான் பொறக்குது. ஆதம் நபிகிட்ட ஒரு தவறு வந்துச்சு, தௌபா பண்ணி மன்னிப்புக் கேட்டார், அல்லா மன்னிச்சிட்டான். கேஸ் அங்கேயே முடிஞ்சுது. அதை நீங்க ஏன் என் டேனரி வரைக்கும் இழுத்துட்டு வந்தீங்க?”

“பார்த்தியா, முதலாளியே தீவுச் சாமியார் கட்சி!” என்றார் ஆசீர்வாதம்.

“எந்தச் சாமியாரும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள பதில்.” பாய் எழுந்து போய்விட்டார்.

நெருக்கடி வந்தால் பெரிய ஆளைக் கூப்பிடு என்பது ஒரு வழி. நான் பாஸ்டருக்குப் போன் போட்டேன். நீங்கள் ஆரம்பித்த வியாபாரம், நீங்களே வந்து முடித்துவைங்கள் என்றேன். அவர் ஸ்கூட்டரில் வந்தார். கேட்டிலேயே கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. செலக்‌ஷன் ரூமுக்குள் வந்தபோது கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“மேஸ்திரி, நான் ஆத்துமாவைப் பத்திச் சொன்னேன். ஆட்டுத்தோலைப் பத்தி இல்ல” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

“ஆத்துமாவுக்கு ஒரு ரூல், ஆட்டுக்கு ஒரு ரூலா ஐயா?” என்றான் முருகேசன்.

நான் கேட்டேன், “சுத்தி வளைக்காம சொல்லுங்க. அந்த ரெண்டு பேர்ல கடைசியில ஜெயிச்சது யாரு?”

“சபை கூடிப் பேசி ஆப்பிரிக்கா பிஷப் பக்கம்தான் தீர்ப்பு சொன்னாங்க.”

சாலமன் ஒரு குதி குதித்தான். அவன் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

ஆசீர்வாதம் விடவில்லை. “அப்போ ஞாயித்துக்கிழமை தோறும் எங்களைத் திருந்துங்க திருந்துங்கன்னு எதுக்கு ஐயா தொண்டை கிழியக் கத்தறீங்க? வளைஞ்ச ஆணிகிட்ட நிமிருன்னு சொன்னா அது நிமிருமா?”

நல்ல கேள்வி. பாஸ்டர் கைக்குட்டையை எடுத்துவிட்டார், அவ்வளவு யோசித்தார். பிறகு, “அண்ணே, கிருபை வந்து உங்களைத் தூக்கிட்டுப் போறதில்ல. உங்களுக்கு நடக்கணும்னு ஆசையைக் குடுக்குது. நடக்கறது உங்க கால்தான். தெற்கு பிரான்ஸ் பக்கம் சில மடத்துக்காரங்க இன்னும் ஒரு படி போய், முதல் அடி நம்மளுது, மீதி அவருதுன்னாங்க. அவங்களையும் திட்டினாங்க. இந்தச் சண்டை முழுசா முடியவே இல்ல” என்றார்.

“முடியவே இல்லையா?” என்றேன். “எனக்குச் சாயங்காலம் முடியணுமே ஐயா.”

தம்பிகளே, இங்கேதான் கவனிக்க வேண்டும். ரூமே என்னைப் பார்த்தது. லாட்டைப் பிறவி மேஜையில் தள்ளிவிட்டுப் போக எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சாயம் ஏறின தோலில் அந்தக் கோடு எப்படி வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. சாலமன் பிழைப்பான், நான் பேசிவைத்த கல்யாணமும் பிழைக்கும். கை மேஜையில் தள்ளினாலும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் நியாயம் பேச ஆள் தயாராக இருந்தது. காலையிலிருந்து எல்லோரும் ஆதாமைக் கேட்டார்கள், ஆட்டைக் கேட்டார்கள், ஆப்பிரிக்காவரை போய்க் கேட்டார்கள். மெஷின் ஓட்டினவனை ஒருத்தரும் கேட்கவில்லை. அது என் ஒருவன் மூளைக்குத்தான் பட்டது.

ஒரு தோலை எடுத்துச் சாலமன் தோளில் போட்டேன். “ஆதாமைக் கொஞ்ச நேரம் வெளியில உட்கார வை. நான் போடல, ஆசீர்வாதம் போடல. நீயே போடு. எந்த மேஜைன்னு உனக்குத் தெரியும்” என்றேன்.

வாயாடிப் பயல் தோலைக் கையில் எடுத்தான். இடப்பக்கம் ஒரு அடி வைத்தான். அவன் ஆட்கள் “அங்கதான், அங்கதான்” என்றார்கள். நின்றான். ஆசீர்வாதத்தைப் பார்த்தான். எல்லாம் போச்சு என்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டான். திரும்பி நடந்து கை மேஜையில் தோலை விரித்து, சுருக்கம்கூட நீவிவிட்டான்.

“கால் நடுங்கிடுச்சு மேஸ்திரி. பெடல் மேல. நிறுத்திட்டுச் சொல்லியிருக்கணும், சொல்லல. ஆனா நடுங்கினது என் கால்தான்.”

 எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

“பார்த்தீங்களா! மனசு வச்சா முடியும்!” என்றது ஆசீர்வாதம் கட்சி.

“கிருபை இல்லாம இவன் வாயில உண்மை வருமா? இத்தனை வருஷத்துல வந்திருக்குதா?” என்றது சாலமன் கட்சி.

ஒரே ஆள், ஒரே தோல், ஒரே வார்த்தை. இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டதாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். பாஸ்டர் மட்டும் சாலமன் தோளைத் தட்டினார். பிறகு கையை மோந்து பார்த்தார், அது வேறு விஷயம்.

பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார், சாலமன் அவரிடமும் அதையே சொன்னான். பாய் கோடு விழுந்த தோலை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

“தௌபா பண்ணவனை நான் தள்ளினா எனக்கு ஆகாது. போ, மன்னிச்சேன்” என்றார். சாலமனுக்குக் கண் கலங்கியது. “ஆனா நாளைக்கு இன்ஸ்பெக்டர் லாட்டைத் திருப்பிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. மன்னிப்பு வேற, எக்ஸ்போர்ட் வேற.”

லாட்டை எங்கே வைப்பது? பிறவி மேஜையில் வைத்தால் பொய். கை மேஜையில் வைத்தால், இன்ஸ்பெக்டர் அந்த மேஜையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அது தள்ளுபடி என்று அவருக்குத் தெரியும். தப்பை ஒத்துக்கொண்டாச்சு, ஆளையும் தள்ளவில்லை, தோலையும் தள்ளவில்லை. இப்படி ஒரு சரக்குக்கு நம் ரூமில் இடமே இல்லை. நான் நேராகக் கேன்டீனுக்குப் போனேன். கேரம் போர்டு வைக்கிற மேஜையைப் போர்டோடு தூக்கினேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். “சிவப்புக் காயைக் கையில வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜன்னலுக்கு நேராக, இரண்டு மேஜைக்கும் நடுவில் போட்டேன். அந்தக் கோடு விழுந்த லாட்டை அதில் அடுக்கினேன்.

“இது இன்னா மேஜை?” என்றான் முருகேசன்.

“மூணாவது மேஜை. தூக்கு, பேசாத.”

மறுநாள் காலை இத்தாலிக்காரர் வந்தார். குண்டான மனுஷன், முகத்தில் ஒன்றும் தெரியாது. பிறவி மேஜையைப் பார்த்தார், உம் என்றார். கை மேஜையை எதிர்பார்த்தபடியே தாண்டினார். நடு மேஜைக்கு வந்ததும் நின்றார். ஒரு தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். இன்னொன்றை எடுத்தார். விரலால் தடவினார். சாலமன் வாசலுக்குப் பின்னால் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான்; எந்தக் கட்சி ஜெபம் என்று கேட்க எனக்கு நேரமில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பி இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இது என்ன வேலைப்பாடு என்று கேட்கிறார் என்றார் மேனேஜர். மேனேஜர் பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார்.

“ஸ்பெஷல்” என்றேன்.

என் இங்கிலீஷ் அவ்வளவுதான். அன்றைக்கு அது போதுமாக இருந்தது. அவர் அந்த லாட்டை எடுத்துக்கொண்டு, இதே மாதிரி இன்னும் பெரிய ஆர்டர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் டேனரியில் வேலை செய்யாதவர்கள். பாய் சாலமனை மெஷினில் உட்காரவைத்தார். “அதே மாதிரி பண்ணு.” சாலமன் சீவினான். கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு கோடு இல்லை. “நடுங்கவிடு” என்றார் பாய். வேண்டுமென்றே காலை ஆட்டினான், தோல் கிழிந்தது. இன்னொன்று, அதுவும் கிழிந்தது.

வாழ்த்துச் சொல்ல வந்திருந்த பாஸ்டர் இதைப் பார்த்துக் கலங்கிப்போனார். “முதலாளி, கடவுள் தப்புலேர்ந்து நல்லதை எடுப்பார், அது உண்மை. அதுக்காக வேணும்னே தப்பு பண்ணலாமான்னு ஆதிச் சபையிலேயே கேட்டிருக்காங்க. கூடாதுன்னுதான் பதில்.”

“பாஸ்டர், இது தப்பு இல்ல. இது ஆர்டர்” என்றார் பாய்.

ஆசீர்வாதம் வேகமாக மெஷினுக்கு வந்தார். “மனசு வச்சா முடியும்டா!”

“மனசு வச்சுட்டேன் மாமா. கால் கேக்கல.”

“அன்னிக்கு மட்டும் எப்படி நடுங்குச்சு?”

சாலமன் தலையைக் குனிந்துகொண்டான். “அன்னிக்கு நீங்க பின்னாடி நின்னீங்க.”

ஆசீர்வாதத்தின் முகம் போன போக்கை நான் இன்றைக்கு நினைத்தாலும் சாப்பாட்டுக்கு நடுவில் சிரிப்பு வரும். “மாப்பிள்ளை எப்படி வேலை பண்றான்னு ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். அது ஒரு தப்பா?” என்றார். அவனவன் செய்ததற்கு அவனவன் பொறுப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை தோல் வீசினவர் அவர்.

“வாங்க, இங்க நில்லுங்க” என்று அவரைப் பிடித்துச் சாலமனுக்குப் பின்னால் நிறுத்தினேன். “முறைங்க.”

“சும்மா எப்படிய்யா முறைக்கறது?”

“எம் பொண்ணை இவனுக்கா குடுக்கறதுன்னு நெனைங்க. தானா வரும்.”

வந்தது. சாலமனுக்குக் கழுத்தில் வேர்த்தது, கால் பெடல் மேல் தாளம் போட்டது, தோல் பாலாற்று மணல் மாதிரி நெளிநெளியாக வெளியே வந்தது. பாய் கைதட்டினார்.

ஆர்டர் முடியும்வரை ஆசீர்வாதத்துக்கு வேலை அதுதான். ஸ்டூல் போட்டு உட்காரட்டுமா என்று கேட்டார். உட்கார்ந்து பார்த்தால் நடுக்கம் கம்மியாகிறது என்று தெரிந்ததால் நிற்கவைத்தோம். கல்யாணத்தை ஆர்டர் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார் பாய், மாமனார் பயம் போய்விடும் என்று. “பயம் போவாது முதலாளி. அதை நான் பார்த்துக்கறேன்” என்றார் ஆசீர்வாதம். சம்மதித்துவிட்டார் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்படி மனசு மாறினீர்கள் என்று தனியாகக் கேட்டேன். “எந்த மேஜையில வேணா போட்டிருக்கலாம். அவன் இந்தப் பக்கம் வந்து போட்டான். சுருக்கம்கூட நீவிவிட்டான் மேஸ்திரி” என்றார். கல்யாணம் நடந்தது. பிள்ளை பிறந்து ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியில்கூட, இந்தப் பிள்ளையிடம் கழுவ அழுக்கு இருக்கிறதா இல்லையா என்று மாமனாரும் மருமகனும் ஆட்டோவில் சண்டை போட்டார்கள். எஸ்தர் இரண்டு பேரையும் இறக்கிவிட்டுப் பிள்ளையோடு தனியாகச் சர்ச்சுக்குப் போனாள்.

அந்த நடு மேஜை அப்புறம் எடுக்கப்படவே இல்லை. பிறவியும் கையும் கலந்த சரக்கு, யார் தப்பு என்று பார்த்து முடிவுகட்ட முடியாத சரக்கு, தப்பு செய்தவனே முன்வந்து சொன்ன சரக்கு எல்லாம் அதில் போகும். அதில் போன தோலுக்காக ஒரு ஆள்கூட வேலையிழந்ததில்லை. இப்போது நீங்கள் கேரம் போர்டு மேஜையை மாற்றி எவர்சில்வர் மேஜை போட்டிருக்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். மேனேஜர் அந்த மேஜையை வந்தவர்களுக்குக் காட்டி “எங்க சிஸ்டம்” என்கிறாராம். பாய் வீட்டில் அது பாயின் தாராள மனசு. பாஸ்டர் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கத்தில் சொல்கிறார்: “ஆம்பூரில் ஒரு டேனரியில் கடவுள் ஒரு மூணாவது மேஜையைப் போட்டார்.” நான் நேரிலேயே கேட்டேன், ஐயா, போட்டது நான் என்று. அவர் சிரித்துக்கொண்டே, “மேஸ்திரி, நம்மகிட்டேர்ந்து வர்ற நல்லது எதுவும் நம்மளுது இல்ல, எல்லாம் கிருபை” என்றார்.

தப்பு என்றால் ஆதாம், நல்லது என்றால் கிருபை என்றால், நடுவில் இந்தப் பாக்கியநாதன் எதற்கு? பாவ விஷயத்தில் நான் ஆப்பிரிக்கா பிஷப் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் என்ன குறை இருந்தாலும் அது எனக்கு முன்னாலேயே வந்தது, சந்தேகமில்லை. ஆனால் இந்த மேஜை விஷயத்தில் நான் தீவுச் சாமியார் கட்சி. கடவுள் மரத்தைக் கொடுத்தார். அதற்கு நன்றி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்கிறேன். கேன்டீனிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது என் முதுகு. அப்போது பிடித்த பிடிப்பு இன்னும் குளிர் நாளில் வருகிறது. அந்த வலியைக் கிருபை என்று ஒருத்தரும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை. அதனால், புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, அந்த எவர்சில்வர் மேஜையின் முன்பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில், “இதைப் போட்டது பாக்கியநாதன் மேஸ்திரி, சுய சித்தமாக” என்று எழுதுங்கள். கடவுள் பெயரையும் போட வேண்டும் என்று பாஸ்டர் சொன்னால் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுத்து மட்டும் என் பெயரைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். அவருக்கு மேஜை நிறைய இருக்கிறது.